செலவைச் சொன்னதும் பயம் போனது: ஒரு திகில் படத் தொடரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் ஒரு தனிப்பயிற்சி மையத்தின் மாடி வகுப்பறையில் சனிக்கிழமை மாலைகளில் கூடிப் படம் பார்க்கும் சிறு குழு ஒன்று உண்டு. உறுப்பினர்கள் முப்பது பேருக்குள் இருப்பார்கள்: கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், இரண்டு மூன்று ஓய்வூதியர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர். கரும்பலகை மேல் வெள்ளைத் துணியைக் கட்டித் திரையாக்கிக்கொள்வோம். புரொஜெக்டர் எங்களுடையது, நாற்காலிகள் மையத்தினுடையவை. நான் ஒருங்கிணைப்பாளர்கள் இருவரில் ஒருவன்.

கடந்த ஆண்டு ஆனி மாதம், குழுவின் பழைய உறுப்பினர் ஒருவர் ஐந்து வாரத் தொடர் ஒன்றை முன்வைத்தார். ஐந்தும் சிறு பட்ஜெட் திகில் படங்கள். அவர் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். இருபது ஆண்டுகளாகத் திகில் படம் பார்க்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் ஆன செலவு, படப்பிடிப்பு நாட்கள், வசூல் ஆகியவற்றை ஒரு நீளக் கணக்கு நோட்டில் பத்தி பிரித்து எழுதி வைத்திருக்கிறார். இந்த ஆய்வில் அவரை ‘கணக்கர்’ என்றே குறிப்பிடுகிறேன். குழுவில் எல்லோருக்கும் அவர் அண்ணன்.

அந்தத் தொடர் எப்படிச் சறுக்கியது, எதை மாற்றினோம், மாற்றியதில் எங்கே இன்னொரு தவறு செய்தோம் என்பதைப் பதிவு செய்கிறேன். இதுபோல் திரையிடல் நடத்துகிறவர்களுக்கு இது பயன்படலாம்.

கணக்கரின் கருத்துகள்

தொடருக்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று. பின்னால் நடந்ததெல்லாம் இவற்றிலிருந்து முளைத்ததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, பணம் இல்லாதவன் பேயைக் காட்ட முடியாது, அதனால் மறைப்பான். மறைத்து வைத்தது காட்டியதைவிடக் கூடுதலாகப் பயமுறுத்தும். இதற்கு அவர் எப்போதும் எடுக்கும் சான்று 1942ஆம் ஆண்டின் ‘கேட் பீப்பிள்’. ஆர்.கே.ஓ. நிறுவனம் தயாரிப்பாளர் வால் லூட்டனுக்கு விதித்த வரம்பு, ஒரு படத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர். படத்தில் இரவு நேரத்துப் பூங்காச் சுவரை ஒட்டி ஒரு பெண் நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் செருப்பொலி. அது திடீரென்று நின்றுவிடுகிறது. மிருகம் ஒன்று பாயப்போகிறது என்று நாம் விறைத்து உட்கார்ந்திருக்கையில் சீறிக்கொண்டு சட்டகத்துக்குள் வந்து நிற்பது ஒரு பஸ். பாய்ந்தது பிரேக்கின் ஒலி மட்டுமே. அந்த உத்திக்கு ‘லூட்டன் பஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டாவது, சிறு படங்களில் நடிப்பவர்களின் முகம் நமக்குத் தெரியாது. ஆகவே யார் பிழைப்பார் என்பதும் தெரியாது. நட்சத்திரம் நடித்தால் அவர் கடைசி ரீல் வரை உயிரோடு இருப்பார் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துவிடுகிறது. இது எனக்கு முழுக்க உடன்பாடான கருத்து. தமிழில் இதே நோயைத் தினமும் பார்க்கிறோம். 2012இல் வந்த ‘பீட்சா’வில், இருண்ட பங்களாவுக்குள் ஒரு டார்ச் வெளிச்சத்தை மட்டும் துணையாகக் கொண்டு கதாநாயகன் திரியும் நீண்ட பகுதி வேலை செய்ததற்கு, நாயகனாக நடித்தவர் அன்று பெரிய நட்சத்திரமாக இல்லாததும் ஒரு காரணம் என்பேன்.

மூன்றாவது, ஒரு படம் எவ்வளவு குறைந்த பணத்தில், எவ்வளவு பாடுபட்டு எடுக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அதன் மதிப்பு கூடும். எங்களில் யாரும் அப்போது இதை மறுக்கவில்லை. கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது.

முதல் திரையிடல்

தொடக்கப் படம் 1978இன் ‘ஹாலோவீன்’. வந்தவர்கள் 24 பேர். படத்துக்கு முன் கணக்கர் இருபத்தைந்து நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார். சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம். கொலைகாரன் அணியும் முகமூடி இரண்டு டாலருக்கும் குறைவான விலைக்கு வாங்கிய ‘ஸ்டார் டிரெக்’ கேப்டனின் முகமூடி. அதற்கு வெள்ளைச் சாயம் அடித்துக் கண் துளைகளைப் பெரிதாக்கினார்கள். கதை நடப்பது இலையுதிர் காலத்து இல்லினாய்ஸில், படம் பிடித்ததோ வசந்த காலத்துக் கலிபோர்னியாவில். ஆகவே இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் மறுபடி அள்ளிப் பையில் கட்டி வைத்தார்கள். கூர்ந்து பார்த்தால் சில காட்சிகளில் இல்லினாய்ஸில் வளர வாய்ப்பில்லாத பனை மரங்கள் கண்ணில் படும். எல்லோரும் ரசித்துக் கைதட்டினார்கள்.

பிறகு படம் ஓடியது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவர் பக்கச் சுவரோரம் உட்கார்ந்து பார்வையாளர்களைக் கவனித்து எழுதிக்கொள்வார். அன்று அது என் முறை. முகமூடி முதலில் தெளிவாகத் தெரிந்தபோது சிரிப்பு. இலைகள் பறந்தபோது சிரிப்பு. பின்வரிசையில் இரண்டு மாணவர்கள் பனை மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒன்று தட்டுப்படும்போதெல்லாம் முன்னாலிருப்பவரைத் தட்டிக் காட்டினார்கள். பெண் ஒருத்தி அலமாரிக்குள் ஒளிந்து கதவு உடைபடும் காட்சியில்கூட அறையில் இறுக்கம் இல்லை. ஐந்தாறு அலைபேசிகளின் வெளிச்சம். அதே தெருவில் அம்மன் கோயில் காப்புக் கட்டுக்கு ஒலிபெருக்கி சோதனை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஒலி புரொஜெக்டருக்குள் இருக்கும் கைப்பிடி அளவு ஸ்பீக்கரிலிருந்து வந்தது. கோயில்தான் வென்றது.

கவனித்தவை

படம் முடிந்து தேநீர்க் கடையில் நின்று பேசும்போது பொறியியல் மாணவர் ஒருவர் சொன்னார்: “படம் பார்த்த மாதிரி இல்லை அண்ணே. ஆடிட் செய்த மாதிரி இருந்தது.”

கணக்கருக்கு முகம் சுருங்கிவிட்டது. பார்வையாளர்களுக்குப் பொறுமை இல்லை, பழைய படம் பார்க்கும் பக்குவம் இல்லை என்று வாதாடினார். எனக்கு அந்த மாணவர் சொன்னதே சரியாகப் பட்டது. மறுநாள் என் குறிப்புகளோடு அவர் வீட்டுக்குப் போனேன். சிரிப்பு எழுந்த இடங்களில் பெரும்பாலானவை அவர் முன்கூட்டியே சொல்லிவைத்த இடங்கள். முகமூடியின் விலையை அறியாதவனுக்கு அது முகமில்லாத ஒரு மனிதன். அறிந்தவனுக்கு இரண்டு டாலர். செலவைக் கேட்ட மாத்திரத்தில் பார்க்க வந்தவர் மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறார். அல்லது, இன்னும் மோசம், இரக்கப்படத் தொடங்கிவிடுகிறார். ‘இவ்வளவு கொஞ்சப் பணத்தில் இவ்வளவு செய்திருக்கிறார்களே’ என்று இரக்கப்படுகிறவனுக்குப் பயம் வராது. பயப்படுவதற்குத் திரையில் இருப்பவன் நம்மைவிட வலியவனாகத் தெரிய வேண்டும்.

அவர் நோட்டைத் திறந்து ‘ஹாலோவீன்’ பக்கத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, தானே எழுதி வைத்திருந்த ஒரு குறிப்பை வாசித்துக் காட்டினார். இசை சேர்க்காத நிலையில் அந்தப் படத்தைப் பார்த்த ஒரு ஸ்டூடியோ அதிகாரி தனக்குப் பயமே வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். இயக்குநர் ஜான் கார்பென்டர் தானே உட்கார்ந்து இசையமைத்தார். இசை சேர்ந்த பிறகு அதே அதிகாரிக்குப் படம் பிடித்துவிட்டது. “அப்படியென்றால் நேற்று நாம் போட்டது இசை இல்லாத பிரதிதான்” என்றார். என் மீதிருந்த கோபத்தில் பாதி அங்கே கரைந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒன்று, படத்துக்கு முன் பேச்சு கிடையாது. தலைப்பும் ஆண்டும் மட்டும். செலவு, உத்தி, படப்பிடிப்புக் கதைகள் எல்லாம் படம் முடிந்த பிறகு. கணக்கர் இதற்கு அரை மனதோடு ஒப்புக்கொண்டார். பேசுவதற்காகத்தான் அவர் இந்தத் தொடரையே கேட்டிருந்தார் என்பதை நாங்கள் மறக்கக் கூடாது.

இரண்டு, ஒலி. மருந்துக்கடைக்காரரின் மைத்துனர் மைக்செட் கடை வைத்திருக்கிறார். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைச் சும்மா தந்தார். திரைக்கு ஒன்று, பின்சுவருக்கு ஒன்று என்று வைக்கலாம் என்றார் ஒருவர். வேண்டாம், பழைய படங்களின் ஒலி திரையிலிருந்துதான் வர வேண்டும் என்று இரண்டையும் முன்னாலேயே வைத்தோம்.

தெருவிளக்கு தெரியும் இரண்டு ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்தோம். அலைபேசிகளை ஒரு கூடையில் போடச் சொல்லலாம் என்ற யோசனைக்கு ஒருவரும் சம்மதிக்கவில்லை, அத்தோடு விட்டோம்.

இரண்டாம் திரையிடல்

‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’, 1962. கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் தொழில், கல்வித் துறைகளுக்கான குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி இயக்கிய கதைப்படம். யூட்டா உப்பேரிக் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்டேர் கேளிக்கை மண்டபத்தைக் கார் பயணத்தில் கண்டு, அதைச் சுற்றிக் கதை பண்ணினார். செலவு சுமார் 33,000 டாலர். பெண்ணைப் பின்தொடரும் வெளிறிய மனிதனாக நடித்தவரும் அவரே. இவை எதையும் யாருக்கும் சொல்லவில்லை.

வந்தவர்கள் 19 பேர். பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து, நெடுநேரம் கழித்து ஒரு பெண் மட்டும் சேற்றோடு எழுந்து வரும்போதே அறை அடங்கிவிட்டது. துணிக்கடையில் அவளைச் சுற்றியிருக்கும் உலகின் ஓசை அற்றுப்போகும் காட்சி ஒன்று உண்டு. யாருக்கும் அவளைத் தெரியவில்லை, அவள் பேசுவது கேட்கவில்லை. அந்த நேரம் மைத்துனர் எழுந்து குனிந்தபடி ஓடி ஸ்பீக்கர் ஒயரை ஆட்டிப் பார்த்தார். இணைப்பு சரியாகத்தான் இருந்தது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தார். அலைபேசி வெளிச்சம் ஒரே ஒரு முறை.

படம் முடிந்த பிறகு கணக்கர் செலவைச் சொன்னார். அன்று எழுந்தது சிரிப்பல்ல. சிறிய அமைதி, அதன்பின் அடுக்கடுக்காகக் கேள்விகள். அதே தகவல்தான், சொன்ன நேரம் மட்டும் வேறு. பேச்சு இரவு பத்தைத் தாண்டியது. நாங்கள் வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

மூன்றாம் திரையிடல்: தவறிய இடம்

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’, 1968. பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள், தொடக்கத்தில் பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு, கடைசியில் சுமார் 1,14,000 டாலரில் முடித்த படம். தலைப்பை மாற்றும்போது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால் அமெரிக்காவில் பொதுவுடைமையாகிவிட்டது.

சொல்லாமல் போடுவது என்ற விதியை அப்படியே கடைப்பிடித்தோம். 22 பேர். படத்தில் ஒரு வீட்டின் நிலவறையில், எழுந்து நடமாடும் பிணத்திடம் கடிபட்ட சிறுமி ஒருத்தி நினைவின்றிப் படுத்துக் கிடப்பாள். அருகில் தாய். அந்தக் காட்சி இரண்டாம் முறை வந்தபோது, மூன்றாம் வரிசையில் இருந்த ஆசிரியை ஒருவர் எழுந்து வெளியே போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று எண்ணி நான் குறித்துக்கொண்டதோடு சரி. பத்து நிமிடம் ஆகியும் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. கணவரைத் தொலைபேசியில் வரச் சொல்லியிருந்தார். அவருடைய மகள் முந்தைய மாதம் டெங்குக் காய்ச்சலில் ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தது ஒருங்கிணைப்பாளர்கள் இருவருக்குமே தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

உள்ளே படம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. நிலவறையில் அந்தச் சிறுமி எழும்போது ஒருவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தது படிக்கட்டு வரை கேட்டது. திகில் ரசிகர்கள் இதைத்தான் வெற்றி என்போம்.

மறுநாள் கணக்கரும் நானும் ஆசிரியை வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. “ரத்தம் வரும் என்று சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன் சார். ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடக்கும் என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன்” என்றார். மகள் உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அந்தப் படம் அமெரிக்காவில் வெளியானது 1968 அக்டோபரில். அங்கே வயது வாரியாகப் படங்களைத் தரம் பிரிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு நவம்பரில். இடைப்பட்ட நாட்களிலும் பின்னரும் மதியக் காட்சிகளுக்குச் சிறுவர்கள் தனியாகப் போனார்கள். அரங்கில் குழந்தைகள் அழுததை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதியிருக்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே படத்தை அதே மாதிரி, முன்னறிவிப்பில்லாமல் நாங்களும் போட்டோம்.

எங்கள் பிழை எளியது. ‘எப்படி எடுத்தார்கள்’ என்பதையும் ‘எதைப் பற்றியது’ என்பதையும் ஒரே மூட்டையாகக் கட்டி இரண்டையும் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டோம். முதலாவதைச் சொன்னால் பயம் கெடும். இரண்டாவதை ஒரு வரியில் சொன்னால் எதுவும் கெடாது.

நான்காம், ஐந்தாம் திரையிடல்கள்

அதன்பின் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். இரண்டு மூன்று வரி, கதை கிடையாது: இன்ன வகைக் காட்சி இருக்கிறது, நோய், குழந்தை, தற்கொலை, மிருகவதை ஏதேனும் உண்டா, அவ்வளவே. விரும்பாதவர் படிக்காமல் உள்ளே போகலாம்.

நான்காவது படம் 2007இன் ‘பாரநார்மல் ஆக்டிவிட்டி’. இயக்குநர் தன் சொந்த வீட்டில் ஏழு நாளில், சுமார் 15,000 டாலரில் எடுத்தது; உலக அளவில் 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கணக்கரின் நோட்டில் இது சிவப்பு மையில் இருக்கிறது. எங்கள் அறையில் படம் படுத்துவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. அந்தப் படத்தில் ஏதாவது நிகழும் முன் அடித்தொண்டை உறுமல் போன்ற தாழ்ந்த ஓசை ஒன்று எழும். பார்வையாளரின் முதுகைத் தயார்படுத்துவது அதுதான். எங்கள் அறையில் நான்கு மின்விசிறிகள். அவற்றின் இரைச்சல் அந்த உறுமலை முழுதாக விழுங்கிவிட்டது. பாதியில் விசிறிகளை நிறுத்திப் பார்த்தோம். ஆடி மாதத்து மதுரையில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த அறையில், ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் தாங்கவில்லை. மறுபடி போட்டோம். பயமும் போயிற்று.

பிந்தைய உரையாடலில் கணக்கருக்கும் எனக்கும் இன்னொரு தகராறு. 15,000 டாலர் என்பது படம் எடுத்த செலவு. ஒரு பெரிய ஸ்டூடியோ அதை வாங்கி, முடிவை மாற்றி, 2009இல் விளம்பரம் செய்து வெளியிட்டுத்தான் அந்த வசூல் வந்தது. 1999இன் ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’டும் அப்படியே, எடுத்த செலவைவிட விற்ற செலவு பன்மடங்கு. இந்த இரண்டாவது பத்தி இல்லாமல் நோட்டு அரைக் கணக்குத்தான் என்றேன். ஒரு கணக்கரிடம் சொல்லக் கூடாத வார்த்தை. அந்த வாரம் முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஐந்தாவதாக ‘கேட் பீப்பிள்’. அவருடைய விருப்பப் படத்தைப் பேச்சில்லாமல் போட அவரே முன்வந்தார். அறையில் 15 பேர்தான். பூங்காச் சுவரோரம் செருப்பொலி நின்ற பிறகு வந்த அந்தப் பஸ் சீறலில், கதையை நூறு முறை சொல்லியிருக்கும் கணக்கர் உட்பட அத்தனை பேரும் ஒரு முறை தூக்கிவாரிப் போட்டு உட்கார்ந்தார்கள். நான் அன்றைக்கும் சுவரோரம் இருந்தேன். குறிப்பு எழுதிய பேனா கீழே விழுந்தது. ஆசிரியை வந்திருந்தார். வாசலில் நின்று தாளை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

விளைவு

24 பேரில் தொடங்கி 15இல் முடிந்த தொடரை எண்ணிக்கையால் வெற்றி என்று சொல்ல முடியாது. விழுந்த எண்ணிக்கையில் ஆடித் திருவிழாவுக்கும் பங்குண்டு என்று மற்ற ஒருங்கிணைப்பாளர் கருதுகிறார். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. கதவில் ஒட்டும் தாள் இப்போது எல்லா வகைப் படங்களுக்கும் வழக்கமாகிவிட்டது. முன்பேச்சு ஆவணப்படங்களுக்கு மட்டும்.

கணக்கரின் முதல் இரண்டு கருத்துகளும் நின்றன. மூன்றாவதை அவர் முழுதாகக் கைவிடவில்லை. செலவைத் தெரிந்துகொண்டு பார்ப்பது இரண்டாம் முறை பார்ப்பவருக்கு உரியது என்று திருத்திக்கொண்டிருக்கிறார். நான் இதை ஏற்கிறேன். ‘அரைக் கணக்கு’ என்ற என் சொல்லை அவர் இன்னும் மன்னித்ததாகத் தெரியவில்லை. ஆனால் நோட்டில் விளம்பரச் செலவுக்கு ஒரு பத்தி புதிதாகக் கோடு போடப்பட்டிருப்பதைப் பார்த்தேன். பெரும்பாலும் காலியாக இருக்கிறது.

மாற்றிச் செய்வதானால்

ஒலியைச் சோதிக்காமல் முதல் படத்தைப் போட்டிருக்க மாட்டேன். சோதனையும் வெற்று அறையில் அல்ல, மின்விசிறிகள் ஓட, தெரு திறந்திருக்கச் செய்ய வேண்டும். படங்களின் வரிசையையும் மாற்றியிருப்பேன்: யாரும் கேள்விப்படாத ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ முதலில், எல்லோரும் கதை கேட்டிருக்கும் ‘ஹாலோவீன்’ பின்னால். படம் தேர்ந்தெடுத்தவருக்குப் பேச இடம் தராமல் விட்டதும் சரியல்ல; முதல் வாரத்திலேயே படத்துக்குப் பிந்தைய அரை மணி நேரம் அவருடையது என்று எழுத்தில் உறுதி சொல்லியிருந்தால் தேநீர்க் கடைச் சண்டை நேர்ந்திருக்காது.

உறுப்பினர்களின் வீட்டு நிலவரம் ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிந்திருக்கிறது என்றால், படத்தைத் தெரிவு செய்யும் நாளில் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். இதைத் தாளில் எழுதி ஒட்ட முடியாது.

‘பாரநார்மல் ஆக்டிவிட்டி’யை மார்கழியில், மின்விசிறி இல்லாமல் மறுபடி போடுவதாக இருக்கிறோம். மார்கழியில் விடியற்காலைதான் கோயில் ஒலிபெருக்கி; மாலையில் தெரு அமைதியாக இருக்கும் என்று மைத்துனர் உறுதி சொல்லியிருக்கிறார். ஸ்பீக்கர் பெட்டிகளும் அந்த மாதம் சும்மாதான் கிடக்குமாம்.